கவிழ்த்த கப்புக்கு ஒரு டெக்னிக்கல் ஃபவுல்

நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து நாற்பதுக்கு, நகராட்சி உள்விளையாட்டரங்கின் இரண்டாம் ஆடுகளத்தில் நடந்த கூடைப்பந்து லீக் அரையிறுதியில், மூன்றாம் கால்பகுதி முடிய இரண்டு நிமிடம் பதினோரு நொடி இருந்தபோது, பேருந்துப் பணிமனை அணியின் பயிற்சியாளருக்கு, நடத்தைக் குற்றத்துக்கான இரண்டாவது டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கப்பட்டது. ஒரே ஆட்டத்தில் அப்படி இரண்டு வாங்கிய பயிற்சியாளர் அரங்கில் இருக்கக் கூடாது என்பது விதி. அவர் துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனார். ஃபவுல் கொடுத்த நடுவர் அவருடைய தங்கை.

பணிமனை அணி அந்த ஆட்டத்தை ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள். அது அடுத்த சனிக்கிழமை. வெளியேற்றப்பட்ட பயிற்சியாளர் அடுத்த ஆட்டத்தில் அணியோடு உட்கார முடியாது. அரங்கத்துக்குள்ளேயே வர முடியாது. அதனால் அன்று மாலையே அணி மேலாளர் லீக் கமிட்டிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார். பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை, பெஞ்ச் முன்னால் உள்ள கோட்டைத் தாண்டவில்லை, கையை ஆட்டவில்லை, தண்ணீர் குடித்த பேப்பர் கப்பை மேசையில் வைத்தார், அவ்வளவுதான் என்று அதில் இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. கப்பைக் கவிழ்த்து வைத்தார் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. அதை ஒரு விஷயமாக யாரும் நினைக்கவில்லை.

நடுவர் திங்கள்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஒரு பக்க அறிக்கை தர வேண்டும் என்று கமிட்டி கேட்டது. தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அவள் எழுதினால் அண்ணன் இறுதிப் போட்டியில் இருப்பார். எழுதாவிட்டால் இருக்க மாட்டார்.

அண்ணன் பயிற்சி தரும் அணியின் ஆட்டத்துக்குத் தங்கை நடுவராக நிற்பது வழக்கமில்லை. அன்று பட்டியலில் இருந்தவருக்குக் காலையில் கணுக்கால் பிசகிவிட்டது. கமிட்டிச் செயலாளர் மதியம் அவளைக் கூப்பிட்டார். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். எல்லோரிடமும் சீட்டில் எழுதிய வேளைக்கணக்கைச் சொல்வது போலவே பேசுவார்.

"மூணரைக்கு வந்துடுங்க. நாலரைக்கு கேம்."

"சார், அது எங்க அண்ணன் டீம்."

"தெரியும். அந்தப் பக்கத்து மேனேஜரக் கேட்டேன். அவங்க அண்ணனுக்கு அவங்கதான் முதல்ல விசில் ஊதுவாங்க, எங்களுக்கு ஓகேன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

"எங்க அண்ணன்?"

"அவரும் போட்டாரு. ஆனா சிரிக்கல."

நாற்பத்தொரு வயதில் அவள் பதினேழு வருடமாக விசில் பிடித்தவள். ஆட்டக்காரர்களுக்கு 'விசிலக்கா'. வார நாட்களில் பொது மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. பயிற்சியாளர்களைக் கையாள்வதில் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் தடவை அவர்கள் கத்துவது அவள் காதில் விழாது. இரண்டாம் தடவை பெஞ்ச் ஓரமாக ஓடும்போது, முகத்தைப் பார்க்காமல், கேலரிக்குத் தெரியாதபடி தணிந்த குரலில் ஒரு வார்த்தை. மூன்றாம் தடவை இடுப்பு உயரத்தில் உள்ளங்கை. அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி, ஸ்கோர் மேசைக்கு முன்னால், எல்லோரும் பார்க்க எச்சரிக்கை. அதற்குப் பிறகுதான் ஒரு கையின் விரல் நுனியில் மறு உள்ளங்கையை வைத்து டெக்னிக்கல். கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். அபிப்பிராயம் சொன்னால் சொல்ல மாட்டாள். "அது எப்படி ஃபவுல்?" என்றால் பதில் உண்டு. "கண்ணு தெரியுதா?" என்பதும் கேள்வி மாதிரிதான் இருக்கும். அதற்குக் கிடையாது.

அன்றைக்கு அண்ணன் இரண்டாம் கால்பகுதியிலேயே எல்லாப் படியும் ஏறி முடித்திருந்தார். கடைசியில் கோட்டுக்கு உள்ளே இரண்டு அடி வந்து நின்று, எதிரணி ஆள் விதியை மீறிக் கூடைக்கடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்பதைக் காட்டி, "மூணு செகண்ட் மூணு செகண்ட்னு நானே எண்ணிச் சொல்லணுமா?" என்று கத்தினார். அவள் முதல் டெக்னிக்கல் கொடுத்தாள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அண்ணனே தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் கால்பகுதியில் நடந்தது வேறு. அவள் நின்ற பக்கம் பந்துக்கு இரண்டு பேர் பாய்ந்தார்கள். நடுவில் எதிரணி ஆள் ஒருவனின் அகலமான முதுகு. அவள் கண்ணில் பந்து பட்டபோது அது ஏற்கெனவே கோட்டுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தது. கடைசியாக யார் கை பட்டது என்று அவள் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது எளிது: எதிர்ப்பக்கம் நிற்கும் இன்னொரு நடுவரைப் பார்க்க வேண்டும். அவருக்கும் தெரியாவிட்டால், இரண்டு அணிக்கும் பொதுவாகப் பந்தை மேலே எறியும் ஜம்ப் பால். அவள் பார்க்கவில்லை. விசில் ஊதி, கையை முழுக்க நீட்டி, எதிரணிப் பந்து என்று காட்டினாள். கை எவ்வளவு நேராக நீள்கிறதோ அவ்வளவு உண்மை என்று கேலரி நம்பும். நம்பியது. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் நம்பி இடம் மாறினார்கள், ஆட்டம் தொடர்ந்தது.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்கோர் மேசையின் ஓரத்தில், அவள் நின்ற பக்கமாக, கப்பைக் கவிழ்த்து வைத்தார்.

அவள் விசில் ஊதினாள்.

அவர்கள் வீடு இரண்டு மாடி. கீழே அவளும் கணவரும்; மேலே அண்ணனும் அண்ணியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு பேரும் கீழ்வீட்டு மேசையில் சாப்பிடுவார்கள். மேசை அம்மா காலத்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பூட்டு ரிப்பேர் செய்பவர். எதையும் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வரிசையாக அடுக்கிவைக்கும் பழக்கம் வெங்காயத்திலும் தெரியும். ஆட்டத்தைக் கேலரியில் இருந்து பார்த்துவிட்டு அவளுக்கு முன்பே வந்திருந்தார்.

"முட்டை ரெண்டா, மூணா?"

"மூணு."

"பசி இருக்குன்னா மனசு தெளிவா இருக்குன்னு அர்த்தம். சரி, இப்பச் சொல்லு. அந்தக் கப்பு என்ன தப்பு பண்ணுச்சு?"

அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அம்மா டம்ளர்."

அவர் கத்தியை வைத்துவிட்டார். கல்யாணமான புதிதில் மாமியார் ஒரே ஒரு தடவை அதைச் செய்து அவர் பார்த்திருக்கிறார்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் காதில் வாங்கியதாலோ என்னவோ, குரலை வைத்தே யார் எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், யார் பார்க்காமல் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். பிள்ளைகள் பொய் சொன்னால்கூட அவ்வளவாகக் கோபிக்க மாட்டார். பார்க்காததைப் பார்த்தது போலச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார். ஜாடியை உடைத்தது பூனை என்று அண்ணன் சொன்ன நாளில், அடுத்த தெரு டீச்சர் அழுதுகொண்டே போனார் என்று தங்கை கதை கட்டிய நாளில், சாப்பாட்டு மேசையில் அம்மா ஒன்றும் பேசாமல் அந்தப் பிள்ளையின் எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தட்டுக்கு முன்னால் கவிழ்த்து வைப்பார். "நான் பாக்கல" என்று வாயால் சொல்லும்வரை அது நிமிராது. தண்ணீரும் கிடையாது. அதட்டல், அடி எதுவும் அந்த வீட்டில் இருந்ததில்லை. அந்த டம்ளரே போதும்.

அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கும் பல வருடம் முன்பே பிள்ளைகள் டம்ளர் கவிழ்க்கும் வயதைத் தாண்டிவிட்டார்கள். இப்போது அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அதில் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான் வேணும்னே வச்சாரா? கை பழக்கத்துல வச்சிருக்கலாமே?"

"என்னப் பாத்துட்டு வச்சாரு."

"சரி, வச்சாரு. உனக்கும் எனக்கும்தானே புரியும்? அரங்கத்துல எண்ணூறு பேரு. எல்லாரும் கப்புன்னுதான் பாத்தாங்க."

"அவர் எண்ணூறு பேருக்காச் சொன்னாரு? எனக்குச் சொன்னாரு. எனக்குப் புரிஞ்சுது. நடுவர் மூஞ்சிக்கு நேரா 'நீ பொய் சொல்ற'ன்னா டெக்னிக்கல்தான். வாயால சொன்னா என்ன, கப்பால சொன்னா என்ன?"

அவர் முட்டையை உடைத்து ஊற்றினார். எண்ணெய் சீறியது.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காத. நீ அந்தப் பந்தைப் பாத்தியா?"

அவள் கைகழுவும் தொட்டியில் முகத்தை நனைத்துக்கொண்டாள்.

"இல்ல."

"ம்." அவர் தட்டை எடுத்து வைத்தார். "சூடு ஆறதுக்குள்ள சாப்பிடு."

ஞாயிறு மதியம் மேசையில் நான்கு தட்டு போடப்பட்டிருந்தது. அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் மீன் குழம்புப் பாத்திரத்தோடு படி இறங்கி வந்தார். துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவர்; வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களை மறுபடி உட்காரவைப்பது அவர் தொழில்.

"அண்ணன் எங்க அண்ணி?"

"அவரா? நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஸ்டவ்வப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்காரு."

"என்ன ரிப்பேர்?"

"ஒரு ரிப்பேரும் இல்ல. நல்லா எரிஞ்சிட்டிருந்த ஸ்டவ்வு. இந்தக் குழம்பே பக்கத்து வீட்டு அடுப்புல வச்சது." அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "பாப்பா, நான் சுத்தி வளைக்கல. தவறாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வரி. அத எழுதினா உன் பேனாவுல மை தீந்துடுமா?"

"தவறாப் புரிஞ்சுக்கலையே அண்ணி."

"உன் வீட்டுக்காரர் சொன்னாரு, ஏதோ டம்ளர் கதையாம். பதினெட்டு வருஷமா இந்த மேசையில சாப்பிடறேன். எனக்கே தெரியாது! கமிட்டியில போய் அத எழுதினா சிரிக்க மாட்டாங்க? ஒரு பேப்பர் கப்புக்காக ஒரு மனுஷனோட பதினோரு வருஷத்தக் கவுத்துட்டாங்கன்னு ஊரே பேசும்."

"நான்தான் சொன்னேங்க்கா" என்று கணவர் குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். "மாடிப்படியில மடக்கிக் கேட்டீங்க, என்ன பண்றது?"

"நீங்க சும்மா இருங்க. பூட்டத் திறக்கற ஆளுக்கு வாய மூடத் தெரியாதா?" அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "ப்ரேக் சரி பண்ணிட்டு, கிரீஸ் கையோட ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு ஓடற மனுஷன். எத்தனை வருஷம்? அந்தப் பசங்கள்ல பாதிப் பேருக்கு லே-அப் போடத் தெரியாது. இன்னைக்கு ஃபைனல்ல நிக்கறாங்க. அவர் வெளிய நிக்கணுமா?"

அண்ணி சொன்ன எல்லாமே உண்மை. பணிமனைப் பையன்களுக்கு அண்ணன் பழைய டயரைத் தொங்கவிட்டு அதற்குள் பந்து போடப் பழக்கியதை அவளே போய்ப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணன் என்ன சொல்றாரு? எழுதச் சொன்னாரா?"

"அவரு எதுவுமே சொல்லல. நான் கீழ போறேன், பாப்பாகிட்டப் பேசறேன்னேன். 'போறதுன்னா போ, என் பேரச் சொல்லி எதுவும் கேக்காத'ன்னாரு."

"அப்ப நீங்க உங்க பேர்லதான் கேக்கறீங்க."

"ஆமா. என் பேர்லதான். எனக்கும் இந்த வீட்ல ஒரு பேர் இருக்குல்ல?"

"இருக்கு அண்ணி." அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள். "வேற எந்த கோச்சா இருந்தாலும் அந்தக் கப்பு எனக்குப் புரிஞ்சிருக்காது. விட்டிருப்பேன். அண்ணனா இருக்கறதால புரிஞ்சுது. புரிஞ்சதுக்கப்புறம் புரியாத மாதிரி எப்படி நடிக்கிறது?"

"நீ பேசறதே சட்டப் புஸ்தகம் மாதிரி இருக்கு."

"மீன் நல்லா இருக்கு."

"பக்கத்து வீட்டு அடுப்பு" என்றார் அண்ணி. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது அண்ணனுக்கு ஒரு தட்டு மூடி எடுத்துப்போனார். நான்காவது தட்டு அப்படியே இருந்தது.

சலவைக்கூடத்தில் திங்கள்கிழமை என்றால் இரண்டு நாள் படுக்கை விரிப்புகள் ஒன்றாக வந்து விழும். ஈரத்தோடு ஒரு விரிப்பே கையை இழுக்கும் கனம் இருக்கும். இரண்டு பேர் நுனிகளைப் பிடித்து உதறி ரோலருக்குள் விடுவார்கள். மறுபக்கம் தட்டையாக, சுடச்சுட, அப்பளம் போல வரும். ரோலர் சத்தத்தில் யாரும் பேச மாட்டார்கள். கண்ணாலும் கையாலும்தான் எல்லாம். மேற்பார்வைக்காரி ஒரு விரலைச் சுழற்றினால் வேகத்தைக் குறை என்று அர்த்தம். புதிதாக வருபவர்களுக்கு அது புரிய ஒரு வாரம் ஆகும். புரிந்த பிறகு, பார்க்கவில்லை என்று அவர்கள் சாக்குச் சொல்ல முடியாது.

பதினொன்றரைக்கு நெட்டை வந்தார். சனிக்கிழமை எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு நடுவர், தபால்காரர். வாசலில் தலை குனிந்துதான் நுழைய முடியும். பையைக் கழற்றாமலே நின்றார்.

"ரிப்போர்ட் குடுத்துட்டீங்களா விசிலக்கா?"

"மதியம் எழுதணும்."

"என்கிட்டயும் ஒரு பாரா கேட்டிருக்காங்க. அதான் வந்தேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதிட்டா நல்லதில்லையா?" அவர் குனிந்து குரலைத் தணித்தார். ரோலர் சத்தத்தில் அதற்கு அவசியமே இல்லை. "ஏதோ முணுமுணுத்தாருன்னு போட்டுடுங்க. உதடு அசைஞ்சுது, தப்பான வார்த்தைன்னு. நானும் பாத்தேன்னு எழுதிடறேன். முடிஞ்சுது. கப்பு கிப்புன்னு எழுதினீங்கன்னா மூணு பேரு உக்காந்து சிரிப்பாங்க. ஜனவரியில உங்களுக்கு மேல் கிரேடு இண்டர்வியூ இருக்கு. ஞாபகம் இருக்கில்ல?"

"உதடு அசையல."

"அசைஞ்சா என்ன, அசையாட்டி என்ன? உங்களக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

"அண்ணன் கெட்ட வார்த்தை பேசாதவர். ப்ரேக் வயர் கைய வெட்டினாலே 'அடடா'ம்பாரு. பேசாததப் பேசினாருன்னு எழுதிட்டு நான் எப்படி மாடிக்குப் போறது?"

"மாடிக்கு இப்ப மட்டும் போறீங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். நெட்டையும் சிரித்தார். பிறகு பையின் வாரைச் சரி செய்துகொண்டு, பார்வையை ரோலர் பக்கம் வைத்தபடி கேட்டார்.

"அதுக்கு முன்னாடி போச்சே ஒரு பால். உங்க பக்கம். நான் அங்கேர்ந்து உங்களையே பாத்துட்டிருந்தேன். நீங்க என்னப் பாக்கல."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"நல்லாவே தெரிஞ்சுது. அந்த முதுகுக்காரன் கைலதான் கடைசியாப் பட்டுச்சு. பணிமனைப் பால்."

ஒரு விரிப்பு ரோலரில் கோணலாக நுழைந்தது. அவள் விரலைச் சுழற்றினாள். வேகம் குறைந்தது. பெண்கள் இழுத்து நேராக்கினார்கள்.

"பாத்தத மட்டும் எழுதுங்க" என்றாள். "நான் பந்தப் பாக்கல, அதையும் சேத்து எழுதுங்க."

"உங்களுக்கு எதிரா நான் எப்படி எழுதறது?"

"எனக்கு எதிரா இல்ல. நடந்தத எழுதறீங்க. போய்ட்டு வாங்க, கடிதமெல்லாம் காத்திட்டிருக்கும்."

சாப்பாட்டு இடைவேளையில், விரிப்பு மடிக்கும் நீள மேசையில், ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு அவள் அறிக்கையை எழுதினாள். ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். முக்கால் பக்கம்தான் வந்தது.

'மூன்றாம் கால்பகுதியில் 2:18 இருக்கும்போது பந்து என் பக்கக் கோட்டைத் தாண்டியது. கடைசியாக யார் கை பட்டது என்று நான் பார்க்கவில்லை. சக நடுவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஊகித்து எதிரணிக்குப் பந்து கொடுத்தேன். அந்த முடிவு தவறு.

2:11 இருக்கும்போது பணிமனைப் பயிற்சியாளர் என்னைப் பார்த்தபடி பேப்பர் கப்பை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவர் என் அண்ணன். எங்கள் வீட்டில் ஒருவர் முன்னால் டம்ளரைக் கவிழ்த்தால், நீ பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறாய் என்று பொருள். மற்றவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நடுவரை அவமதிக்கும் சைகை என்ற விதியின்படி டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தேன். என் முந்தைய முடிவு தவறாக இருந்ததால் அந்தச் சைகை சரியாகிவிடாது. ஃபவுலை நான் திரும்பப் பெறவில்லை.'

கையெழுத்திட்டு, மூன்று ஐம்பதுக்கு மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். செயலாளர் அங்கேயே நின்று படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"இத அப்படியே வச்சுக்கட்டுமா?"

"வச்சுக்குங்க சார்."

"முதல் பாரா கேக்கவே இல்லையே நாங்க."

"ரெண்டாவது பாரா அதுலேர்ந்துதான் வருது."

விசாரணை செவ்வாய் மாலை ஐந்தரைக்கு, அரங்கத்தின் மாடியில், பழைய கோப்பைகள் அடுக்கிவைத்த அறையில் நடந்தது. செயலாளரும் இரண்டு உறுப்பினர்களும் ஒரு பக்கம். எதிரே அண்ணன், பணிமனை அணி மேலாளர். ஓரத்து நாற்காலியில் அவள். நெட்டை எழுதியே கொடுத்துவிட்டதால் வரவில்லை. அண்ணன் சீருடை மாற்றாமல் வந்திருந்தார், நகக்கண்ணில் கிரீஸ். சனிக்கிழமைக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருப்பது அப்போதுதான். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மேலாளர் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்து பேப்பர் கப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதாங்க அந்த ஆயுதம்."

உறுப்பினர் ஒருவர் இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தார்.

"அன்னைக்கு வச்ச அதே கப்பா?" என்று செயலாளர் கேட்டார்.

"அதே மாதிரி கப்பு. சார், கப்பு காலி. காலிக் கப்பக் கவுத்து வைக்கிறது சுத்தமான பழக்கம். ஈ விழாது. இதுக்கு ஒரு மனுஷன வெளிய அனுப்பறதா? நாளைக்கு யாராவது மூக்கச் சொறிஞ்சா அதுக்கும் ஒரு வீட்டுக் கதை இருக்கும். எங்க கோச்சும் இதத்தான் சொல்லுவாரு." மேலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். அது முன்பே பேசி வைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றார் செயலாளர். "முதல்ல நடுவர் அறிக்கையப் படிச்சுடறேன். இன்னும் யாரும் கேக்கல."

மருந்துச் சீட்டுப் படிக்கும் குரலில் படித்தார். 'ஊகித்து எதிரணிக்குப் பந்து கொடுத்தேன். அந்த முடிவு தவறு' என்ற இடத்தில் அண்ணன் தலை நிமிர்ந்தது. அதுவரை கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்த நகம் நின்றது. மேலாளர் அவசரமாக ஏதோ குறிப்பு எழுதினார். படித்து முடித்ததும் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்லுங்க. கப்பக் கவுத்தது எதுக்கு?"

மேலாளர் அண்ணனின் சட்டைக் கையை லேசாகத் தொட்டார். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு கப்பைப் பார்த்தார்.

"அவங்க எழுதியிருக்கறதுதான் சார்."

"எது?"

"ரெண்டாவது பாரா. அந்த அர்த்தத்துலதான் வச்சேன். கோவத்துல வச்சேன்."

"கோச், காலிக் கப்புன்னு…" என்று மேலாளர் ஆரம்பித்தார்.

"காலிதான். காலியானதுக்கப்புறம்தான் வச்சேன். தண்ணியோட கவுத்தா மேசை நனையுமே."

இந்த முறை இருமல் போதவில்லை. உறுப்பினர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

"அரங்கத்துல வேற யாருக்கும் அது புரியாதே? நீங்க இல்லைன்னு சொன்னா நாங்க நம்பித்தான் ஆகணும்."

"வேற யாருக்கும் நான் சொல்லலையே சார். யாருக்குச் சொன்னேனோ அவங்களுக்குப் புரிஞ்சுது. அவங்க விசில் ஊதினாங்க. நான் நடுவரா இருந்தாலும் ஊதியிருப்பேன்."

"நீங்க சொல்றது உங்களுக்கு எதிராப் போகுதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அவங்க எழுதினது மட்டும் அவங்களுக்குச் சாதகமாவா இருக்கு?"

மேலாளர் பேப்பர் கப்பைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணனும் தங்கையும் அரங்கப் படியில் ஒன்றாக இறங்கினார்கள். கீழே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பந்துகள் தரையில் மோதும் சத்தம் படிக்கட்டுவரை கேட்டது. மழை வரும் போலிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகு அண்ணன் ஆரம்பித்தார்.

"ஊகிச்சேன்னு எழுதிட்ட."

"ஊகிச்சேன்ல?"

"ஊர் முழுக்கப் படிக்கும் பாப்பா. மேல் கிரேடு போயிடும்."

"போனா அடுத்த வருஷம்."

"எனக்கு ஃபைனலு அடுத்த வருஷம்னு உத்தரவாதம் இல்ல."

"எனக்குத் தெரியும்ணே."

பேருந்து ஒன்று வந்து நின்றது. ப்ரேக் கிறீச்சிட்டது. அண்ணன் முகத்தைச் சுளித்து அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார். அவர்கள் ஏறவில்லை, அது வேறு வழி.

"அந்தப் பால உடனே மாத்தி ஜம்ப் பால்னு குடுத்திருந்தா, கப்ப எடுத்து நிமித்தியிருப்பேன்" என்றார்.

"நிமித்தினாலும் டெக்னிக்கல் குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்ப." அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அம்மா மாதிரியே பேசற. அவங்களாவது தண்ணியோட நிறுத்திக்குவாங்க."

"ஸ்டவ்வ மாட்டிட்டியா?"

"ரெண்டு திருகு மிச்சம் இருக்கு. எங்க போகணும்னு தெரியல."

"எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடு. அவர் மாட்டிடுவாரு."

"அவன் மாட்டினா எரியாது, பூட்டிக்கும்."

புதன்கிழமை முடிவு வந்தது. மனு தள்ளுபடி. பயிற்சியாளருக்கு ஒரு ஆட்டத் தடை நீடிக்கும். இறுதிப் போட்டி நடக்கும்போது அவர் அரங்கத்துக்குள் வரக் கூடாது. நடுவர் சக நடுவரைக் கேட்காமல் முடிவெடுத்ததை அவரே ஒப்புக்கொண்டதால், அவருடைய மேல் கிரேடு நேர்காணல் அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இறுதிப் போட்டிப் பட்டியலில் இருந்தும் அவர் பெயர் எடுக்கப்பட்டது. உறவினர் அணி ஆடும் ஆட்டத்தில், ஆள் இல்லாவிட்டாலும், இனி யாரும் நடுவராக நிற்கக் கூடாது என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியைச் செயலாளர் தன் கையாலேயே சேர்த்திருந்தார்.

நவம்பர் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, இறுதிப் போட்டி நடந்த அதே நேரத்தில், அவளுக்கு ஒரு பள்ளி மைதானத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டில் உட்கார முடியாமல் அண்ணனும் அங்கே வந்து சிமெண்ட் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணி, ஒரு கையில் குடை, மறு கையில் போன். இரண்டாம் கால்பகுதியில் அண்ணன் எழுந்து, "மூணு செகண்ட்!" என்று கத்தினார். முதல் தடவை அவள் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை அந்தப் பக்கமாக ஓடும்போது முகத்தைப் பார்க்காமல், "உக்காருண்ணே" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

ஆறு பத்துக்கு அண்ணியின் போனுக்குச் செய்தி வந்தது. பணிமனை அணி எழுபத்தொன்றுக்கு அறுபத்தெட்டு என்ற கணக்கில் ஜெயித்திருந்தது. ஸ்கோர் தாளில் பயிற்சியாளர் கையெழுத்துப் போடும் கட்டத்தில் உதவிப் பயிற்சியாளர் போட்டிருந்தார். இரண்டு அணி பெஞ்சுகளிலும் டெக்னிக்கல் ஃபவுல் எதுவும் பதிவாகவில்லை.